தோல் மண்டிக்கு மேலே ஒரு வெளிச்சம்

கண்ணெதிரே இருப்பது இன்னதென்று தெரிந்தும், உங்கள் பேச்சை யாரும் நம்பாமல் போனதுண்டா? ஆம்பூரில் பொழுது சாய்ந்துவிட்டது. தோல் மண்டிக்கு மேலே வெள்ளையாக ஒன்று அசையாமல் மின்னுகிறது. கீழே எல்லாம் இருட்டு, அதன்மேல் மட்டும் வெயில். பக்கத்து வீட்டுத் தணிகைவேல், இடுப்புவலி கண்ட மனைவி பூரணியை ஆஸ்பத்திரிக்கு ஏற்ற வந்த மாட்டுவண்டியைத் திருப்பி அனுப்புகிறான். தோல் ஊறவைக்கும் சுண்ணாம்பில் வெந்த விரல்களால் கதவிடுக்கில் கோணியைத் திணிக்கிறான். “கிரகணம் மாதிரி கீது சார். புள்ளத்தாச்சி மேல படக்கூடாது. மறையட்டும், இட்டுனு போறேன்.” “அது பலூன் தம்பி. ஆராய்ச்சிக்காக ஐதராபாத்துல விடுதாங்க. பேப்பர்ல போட்டிருக்கு,” என்கிறேன் நான். “பேப்பர்காரனா வந்து புள்ள பெத்துக்கப் போறான்?” என்கிறாள் அவன் தாய் கெங்கம்மாள். “ஊரு உட்டு ஊரு வந்தவருக்கு இன்னா தெரியும்?” உள்ளே பூரணி அலறுகிறாள். வெளிச்சம் மெல்லச் சிவக்கிறது, மறைய மாட்டேன் என்கிறது. மறுநாள் காலை குழந்தையைப் பாலாற்றங்கரையில் புதைத்தார்கள்.