நாலாவது பேர்

"ஏங்க, இந்த வருசமாவது அந்த நாலாவது பேர எடுத்துருங்களேன்" என்று கெஞ்சினாள் பிளாரன்ஸ்.

எழுபத்தொன்றாம் வருடப் போரில் சுட்டு வீழ்த்தப்பட்ட நான்கு போர் விமானிகளுக்காக, டிசம்பர் தோறும் அவள் கணவர் கோயிலில் இறந்தோர் பூசை ஒப்புக்கொடுப்பார்.

"முடியாதுளா. நாலு பேரும் ஒண்ணாத்தான் பறந்தாங்க."

"மத்த மூணு பேருக்கும் முழங்கால்ல நின்னு செபிக்கேன். அந்தப் பேர மட்டும் என்னால கேக்க முடியல."

"அப்பம் காதப் பொத்திக்கோ."

பூசையில் உபதேசியார் பேர்களை வாசித்தார். நாலாவதாக "பர்னபாஸ்" என்றதும், பிளாரன்ஸ் கணவரின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

அதைக் கவனித்த புதுப் பங்குச்சாமியார், பூசை முடிந்ததும் அவளிடம் வந்தார்.

"பர்னபாஸ் உங்க அண்ணனாம்மா? அந்தப் பேரக் கேட்டதும் இவரு கைய இறுக்கிப் பிடிச்சீங்களே."

"என் வீட்டுக்காரரு, சாமி. இந்தா நிக்காரே!"

சாமியார் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "உயிரோட இருக்கிறவருக்கு எதுக்குய்யா இறந்தோர் பூசை?"

"அன்னைக்கு நான் மட்டும் பாராசூட்ல குதிச்சுப் பொழச்சிட்டேன், சாமி" என்றார் பர்னபாஸ். "அவனுவள இன்னொரு தடவ தனியா அனுப்ப மனசு வரல."