பன்னிரண்டாவது கதவு

“ஏட்டி, பையை வெளியவே வச்சிருக்கலாம்ல!”

“ஆமா, நாய் தூக்கிட்டுப் போகட்டும். எங்கம்மா காய வச்ச நெத்திலி…”

“மெல்லப் பேசு, வீட்டுக்குக் கேக்கும்!”

பிரகாசி வாயை மூடிக்கொண்டாள். குடிவர ஆளைத் தேர்ந்தெடுப்பது இப்போதெல்லாம் வீடுதான். சென்னையில் பதினோரு வீடுகள் அவர்களை வாசலிலேயே முகர்ந்து பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தியிருந்தன. இதுவும் வேண்டாமென்றால் கணவன் ஜெரால்டு வேலைக்காக இங்கே தங்க, அவள் மட்டும் தூத்துக்குடிக்குத் திரும்ப வேண்டியதுதான்.

கூடத்துச் சுவர் கேட்டது: “பையில என்ன?”

“துணிமணிங்க” என்றான் ஜெரால்டு.

பிரகாசிக்குப் பொறுக்கவில்லை. “கருவாடு! பொய் சொல்லி உள்ள வந்துட்டு, தினம் பயந்து பயந்து வறுக்க என்னால முடியாது.”

வாசல் கதவு சாத்திக்கொண்டது. ஜெரால்டு தலையில் கை வைத்தான். பிரகாசிக்கோ சிரிப்பு பொங்கியது.

“ஏங்க, நாம உள்ளல்ல இருக்கோம்!”

சமையலறையில் அடுப்பு தானாகப் பற்றிக்கொண்டது.

“மூணு வருஷமா இங்க ஓட்ஸ் கஞ்சி மட்டுந்தான்” என்றது வீடு. “வறுக்கும்போது சன்னலை மட்டும் திறந்துடாதீங்கக்கா.”