கேப்டன் போட்ட விதி

கட்டின புருஷனையே நாற்காலியை விட்டு இறக்கப் பார்க்கிற மனைவியை என்னவென்று சொல்வது?

ஏரி பாதுகாப்புக் குழுவில் அன்று ஆளுக்கு ஒன்று மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். குழுவின் தலைவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் விசிலை ஊதிக்கொண்டு கரையில் முன்னால் நடப்பவர் என்பதால் எல்லாருக்கும் அவர் கேப்டன். செயலாளர் அவர் மனைவி. அவரை அண்ணி என்றுதான் கூப்பிடுவார்கள்.

நிர்வாகிகளுக்குப் புதிய விதிமுறைகள் எழுதுவதற்கான கூட்டம் அது. ஒரே ஆள் தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் தலைவராக இருக்கக் கூடாது என்று ஒரு விதி வேண்டும் என்றார் அண்ணி. அதுவும் இன்றைக்கே நடைமுறைக்கு வர வேண்டுமாம்.

துணைத் தலைவரான பேங்க் கேஷியருக்குச் சுருக்கென்றது.

"அண்ணி, குப்பைமேடா கிடந்ததை மறுபடியும் ஏரியாக்கினவர் அண்ணன். அவரையே இறங்கச் சொல்றீங்களா?"

"விதின்னா எல்லாருக்கும்தானே தம்பி."

பக்கத்தில் இருந்த பல் டாக்டர் கேஷியரின் காதோரம் சாய்ந்தார். "வலிக்காம பிடுங்கறாங்க பாருங்க. எனக்கே இந்தக் கை வராது."

கேஷியருக்குச் சிரிப்பு வரவில்லை. கொஞ்ச நாளாகவே அவர் கவனித்துக்கொண்டுதான் இருந்தார். கேப்டன் பேச வாயெடுத்தால் போதும், அண்ணி காதில் ஏதோ ஓதுவார். கரைக்கு அவரைத் தனியாக விடுவதில்லை. வீடு தேடிப் போனாலும், அவர் தூங்குகிறார் என்று வாசலிலேயே பேசி அனுப்பிவிடுவார். அண்ணிக்குப் பதவி ஆசை வந்துவிட்டது என்று கேஷியர் முடிவே கட்டிவிட்டார்.

கேப்டன் மட்டும் கோபப்படவில்லை. அவள் சொல்வது சரிதான், ஒரே ஆளைச் சுமந்தால் நாற்காலிக்கும் அலுத்துப் போகும் என்று அவரே சிரிக்க, விதி நிறைவேறியது. அடுத்த தலைவராக அண்ணி முன்மொழிந்தது கேஷியரை. இதில் என்ன உள்குத்து இருக்கிறதோ என்று அவர் யோசிப்பதற்குள் எல்லாரும் கை தூக்கிவிட்டார்கள்.

"எழுந்திருக்கறதுக்கு முன்னாடி ஒரு வேலை பாக்கி இருக்கு," என்றார் கேப்டன். "வடக்குக் கரையில நாம நட்ட கன்றை யாரோ பிடுங்கிப் போட்டிருக்காங்க. அது யாருன்னு எனக்குத் தெரியணும்."

அந்தக் கன்றுகளைப் பெற்ற பிள்ளைகள் மாதிரி பார்த்துக்கொண்டவர் அவர். நட்ட கன்றில் கை வைத்தவர் யாராக இருந்தாலும், எந்தப் பதவியில் இருந்தாலும், குழுவில் இடமில்லை. குழு தொடங்கிய அன்றைக்கே அவர் போட்ட முதல் விதி அதுதான்.

அண்ணி மறுபடியும் எழுந்தார்.

"நான்தான். களைன்னு நினைச்சுப் பிடுங்கிட்டேன்."

களைக்கும் கன்றுக்கும் வித்தியாசம் தெரியாதவரா அண்ணி? வேண்டுமென்றேதான் செய்திருக்கிறார் என்று தோன்றியது கேஷியருக்கு.

கேப்டன் மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் பொண்டாட்டிங்கறதுக்காக விதியை மாத்த முடியாது," என்றபோது அவர் குரல் கம்மியது. "இன்னையிலேர்ந்து நீ இந்தக் குழுவுல இல்லை."

அண்ணி தலையாட்டினார். பையை எடுத்துக்கொண்டு வெளியே போய், கேப்டனை வீட்டுக்குக் கூட்டிப் போவதற்காக மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டார். கூட்டம் கலைந்தபோது அண்ணியிடம் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. கேஷியரும்தான்.

மறுநாள் விடிந்ததும் புதுக் கன்றுகளை எடுத்துக்கொண்டு வடக்குக் கரைக்குப் போனார் கேஷியர். அவருக்கு முன்பே அங்கே இரண்டு பேர் இருந்தார்கள்.

கேப்டன் குனிந்து, மிச்சம் தப்பியிருந்த கன்றுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டுக்கொண்டே போனார். களை எப்படி மண்டிக் கிடக்கிறது பார் என்று அலுத்துக்கொண்டார். பின்னாலேயே அண்ணி, அதை எடுத்து அதே குழியில் நட்டுக்கொண்டே வந்தார்.

அண்ணி கேஷியரைப் பார்த்துவிட்டு, மண் கையோடு பக்கத்தில் வந்தார்.

"மறதி நோய்னு டாக்டர் சொல்லிட்டார் தம்பி. இனிமே கூடிக்கிட்டேதான் போகுமாம். பதவிக் காலம் முடிஞ்சு மரியாதையா இறங்கினார்னு இருக்கட்டும். அவர் போட்ட விதியே அவரை வெளியே தள்ள வேண்டாம்."

நேற்று இந்த மனுஷியைப் பற்றி என்னவெல்லாம் நினைத்துவிட்டோம் என்று கேஷியருக்கு வெட்கமாக இருந்தது.

அண்ணி திரும்பிப் போனபோது கேப்டன் ஒரு காலிக் குழியின் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"இங்கே நட்ட கன்றையெல்லாம் யாரு பிடுங்கினாங்கன்னு தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுதுங்க," என்றார் அண்ணி. "நான்தான்."

கேப்டனின் முகம் வெளுத்துவிட்டது. மனைவியின் கையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"வெளியே சொல்லிடாதே, உன்னை நீக்கிடுவாங்க. யாராவது கேட்டா, நான்தான் பிடுங்கினேன்னு சொல்லிடறேன்."