கத்தியை யாராவது மறப்பாங்களா?

"கத்தியை யாராவது மறப்பாங்களா? யார் காதுல பூ சுத்துறான்?"

வெர்னா மேஜையைத் தட்டினாள்.

ஜூரி அறையில் ஆறு பேர். ஐந்து பேர் காலையிலேயே 'குற்றவாளி'தான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். முடிவெட்டுகிற ஒடெல் மட்டும் பிடிவாதமாக இருந்தான்.

"லேமர் மறந்துதான் போயிருக்காரு, வெர்னாக்கா. ஞாயித்துக்கிழமை ஆத்துல மீன் பிடிச்சிருக்காரு. மீன் கழுவுற கத்தி கோட்டுப் பையிலயே தங்கிடுச்சு. செவ்வாக்கிழமை அதே கோட்டை மாட்டிக்கிட்டு ரொட்டி வாங்கப் போனாரு. பர்ஸை எடுக்கறப்போ கத்தி கீழ விழுந்திருக்கு. எவனோ போலீசைக் கூப்பிட்டுட்டான்."

"நாலு அங்குலத்துக்கு மேல இருந்தா மறைச்சு எடுத்துட்டுப் போகக் கூடாதுன்னு நம்ம மாநிலச் சட்டம் சொல்லுதா, இல்லையா?"

"மீன் பிடிக்கப் போற வழியில வெச்சிருந்தா தப்பில்லன்னும் அதே சட்டம்தான் சொல்லுது."

"ரொட்டிக் கடையில எந்த மீன் நீந்துது, தம்பி?"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

"பாலத்தைத் தாண்டினா அடுத்த மாநிலம். அங்கே இது குத்தமே இல்ல!"

"அப்போ அங்கேயே போய் ரொட்டி வாங்கட்டுமே!"

மதியச் சாப்பாட்டுப் பெட்டி டேப் ஒட்டி வந்தது. மூன்று ஆண்களின் கை தன்னால் பேன்ட் பைக்குப் போய் வெறுங்கையாகத் திரும்பியது. மாட்டுத் தீவனக் கடை ஹார்லன் டேப்பைப் பல்லால் கடித்துப் பிரித்தார்.

ஒடெல் சாண்ட்விச்சைத் தொடவே இல்லை.

"பதினெட்டு வருஷமா ஸ்கூல் பஸ் ஓட்டுறாரு லேமர். ஒரு புள்ளைக்கு ஒரு கீறல் விழுந்ததில்ல. நாம குத்தவாளின்னு சொன்னா நாளைக்கே பஸ் சாவியைப் பிடுங்கிடுவாங்க. கோர்ட்ல கேட்டீங்கல்ல?"

"அதுக்குத்தான் சொல்றேன். புள்ளைங்க பஸ்ல கத்தியோட ஒரு ஆள்! எந்தத் தாய் ஏத்தி அனுப்புவா?"

"பஸ்ல இல்லக்கா, ரொட்டிக் கடையில."

"இன்னைக்கு ரொட்டிக் கடை, நாளைக்குப் பஸ். மறந்துட்டேன்னு சொன்னவனையெல்லாம் விட்டா, ஊர்ல அத்தனை பேருக்கும் மறதி வந்துடும்!"

மூன்று மணிக்கு ஒடெல் ஓய்ந்துபோனான். ஒரு ஆளாக எத்தனை நேரம்தான் மல்லுக்கட்டுவான்? யார் முகத்தையும் பார்க்காமல் அவனும் 'குற்றவாளி'க்குக் கையைத் தூக்கினான்.

தீர்ப்பு வாசித்து முடித்ததும் லேமர், "நாளைக்குக் காலையில என் ரூட்ல யார் போவாங்க?" என்று வக்கீலிடம் கேட்டார். வக்கீல் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

வெர்னாவுக்கு மனசு நிறைந்திருந்தது. ஊருக்கு நல்லது செய்தாயிற்று.

காலையில் உள்ளே வந்தவர்களிடம் வாங்கி வைத்த பொருட்களோடு, வாசலில் காவலாளி ராய்ஸ் பிளாஸ்டிக் தட்டை ஏந்தி நின்றான். ஹார்லன் டோக்கனை நீட்டி, தன் மடக்குக் கத்தியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

"அப்பாடா! இது இல்லாம காலையிலருந்து பேன்ட்டே நழுவுற மாதிரி இருந்துச்சு."

பின்னால் இன்னும் இரண்டு பேர் டோக்கனோடு நின்றார்கள். ஒடெல் அவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு வெளியே போனான்.

"இந்த ஆம்பளைங்களுக்கு வேற வேலையே இல்ல" என்று முணுமுணுத்தபடி வெர்னா வெளியே வந்தாள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்ற யோசனை அவளுக்கு.

படிக்கட்டில் லேமர் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் வழிவிட்டு நகர்ந்தார். அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு இறங்கினாள்.

"அம்மா! நில்லுங்கம்மா!"

ராய்ஸ் மூச்சிரைக்க ஓடிவந்தான். கையில் பேப்பரில் சுற்றிய நீளமான பொட்டலம்.

லேமரும் நிமிர்ந்து பார்த்தார்.

"பத்திரம்மா, ஏழு அங்குலம் இருக்கு. கீரை அறுத்துட்டு அப்படியே கைப்பையில போட்டதே மறந்துபோச்சுன்னு காலையில சொன்னீங்க. இப்போ அதை வாங்கவும் மறந்துட்டுப் போறீங்களே!"