உலகப் புகழும் ஒரு பூனைக்குட்டியும்

பழைய போர்வைக்குள்ளிருந்து பூனைக்குட்டி தலையைக் காட்டியதும் துவான் ஹெங்குக்குக் குப்பென்று வியர்த்தது.

"இது எப்படி உன் கைக்கு வந்துச்சு?"

"கடைய இடிச்சப்ப பரண்ல கிடந்ததையெல்லாம் அள்ளிட்டு வந்தேன், வாத்தியாரே," என்றாள் நூடுல்ஸ் கடை சூய் அக்கா. போர்வையை முழுக்க விலக்கினாள். மங்கிப்போன பட்டுத் துணியில் ஒரு பூனைக்குட்டி, அதன் தலைக்கு மேலே ரத்தச் சிவப்பில் ஒரு பூ.

இருபத்தைந்து வருடத்துக்கு முன், சீனப் பெருஞ்சுவர் பார்க்க வந்த சுற்றுலாப் பயணிகளுக்காக, அவள் கடை வாசலில் உட்கார்ந்து துவான் ஹெங் இந்த மாதிரிப் பூனைகளை ஒரு நாளைக்குப் பத்து என்று வரைந்து தள்ளியவன். வெட்கப்பட்டு எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை. இதிலும் கையெழுத்து இல்லை.

இப்போது அவன் வேறு ஆள். குப்பையில் கிடக்கும் உடைசல்களை எடுத்து வந்து, தூரிகையால் நாலு வார்த்தை திட்டி எழுதி, கீழே பெயர் போட்டுச் சிவப்பு முத்திரை குத்துவான். 'நீயெல்லாம் ஒரு கதவா?' என்று திட்டு வாங்கிய கதவு ஒன்று லண்டனில் கண்ணாடிக்குள் இருக்கிறது. ஆசியாவின் ஆயிரமாண்டுச் சீற்றம் என்று வெள்ளைக்காரர்கள் பக்கம் பக்கமாக எழுதினார்கள். எழுதியவர்கள் கூட மறந்திருப்பார்கள், இவன் நம்பிவிட்டான்.

இன்னும் மூன்று வாரத்தில் வெனிஸில் அவனுடைய தனிக் கண்காட்சி. இந்த நேரத்தில் பூனை வெளியே வந்தால் சீற்றமாவது ஒன்றாவது, காலண்டர் படம் போட்டவன் என்று உலகமே கைகொட்டிச் சிரிக்கும்.

"இத வச்சு என்ன பண்ணப் போற?"

"பழைய சாமான் சந்தையில ஒருத்தர் கேட்டாரு. உங்க கைவேலைதானான்னு ஒரு வார்த்தை எழுதி வாங்கிட்டு வரச் சொன்னாரு. உங்க பேர்ல அருங்காட்சியகம் கட்டணும்னு என் கடைய இடிச்சு எட்டு மாசம் ஆச்சு. வேற எங்கயாவது அடுப்பு வைக்கணும்ல?"

அவளை அவன் உட்காரக்கூடச் சொல்லவில்லை. அற்பனுக்கு வாழ்வு வந்தால் அப்படித்தான். அவளுடைய விரல் நுனிகளில் சிவப்பு ஏறியிருந்தது. மிளகாய் எண்ணெய், ஏழு தண்ணீர் விட்டாலும் இதுகளுக்குப் போகாது என்று எண்ணி முகத்தைச் சுளித்தான்.

"இதப் பாத்தா என் கை மாதிரியா இருக்கு? மீசைய பாரு, தொடப்பக்குச்சி. கண்ணு ரெண்டும் ஆளுக்கு ஒரு ஊரப் பாக்குது. எவனோ ஒண்ணுந்தெரியாத முட்டாப்பய கிறுக்கினது!"

அக்காவின் முகம் சுருங்கிப் போனது. "அவ்வளவு மோசமாவா இருக்கு?"

"நாய்கூட மோந்து பாக்காது."

"அப்ப உங்களுது இல்லன்னாவது ஒரு காகிதத்துல எழுதிக் குடுங்க. அவருகிட்ட காட்டிட்டு விட்டுடறேன்."

"காகிதத்துல எழுதினா அதக் கிழிச்சுப் போட்டுட்டு என் பேரச் சொல்லி வித்துருவ. உங்கள எல்லாம் எனக்குத் தெரியாதா? யூ நிங், மைய எடுத்துட்டு வாம்மா. படத்து மேலயே எழுதறேன். எவன் வாங்கறான்னு பாத்துடறேன்!"

உதவியாளர் யூ நிங் மையும் தூரிகையும் கொண்டு வந்து வைத்தாள். பூனையின் முகத்துக்குக் குறுக்கே அவன் கொட்டை எழுத்தில் எழுதினான்: 'நீயெல்லாம் ஒரு பூனையா? இது என் கை அல்ல.' கீழே கையெழுத்து, தேதி. ஆத்திரம் தீர முத்திரையை அழுத்திக் குத்தினான்.

"ஃபோட்டோ எடுத்து வை. நாளைக்கு எவனாவது கேட்டா ஆதாரம் வேணும்."

யூ நிங் வழக்கம்போல முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று எடுத்தாள். நீள அகலம் அளந்தாள். கொஞ்ச நேரம் கணினியில் ஏதோ தட்டினாள். அக்கா படத்தை நிதானமாகப் போர்வையில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"வாத்தியாரே, இதுக்கு நூத்திப் பதினெட்டுன்னு நம்பர் போட்டுட்டேன்."

"எதுக்கு?"

"நீங்க திட்டி எழுதி முத்திரை குத்துறது எல்லாத்துக்கும் நம்பர் போட்டு அன்னிக்கே ஃபோட்டோவ வெனிஸ் கண்காட்சிக்காரங்களுக்கு அனுப்பணும்னு நீங்கதான சொல்லியிருக்கீங்க? அனுப்பிட்டேன், பதிலும் வந்துருச்சு. இதுவரைக்கும் நீங்க பண்ணினதுலயே இதுதான் உச்சமாம். முதல் அறையில இதைத்தான் மாட்டணுமாம். யார்கிட்ட இருக்கு, என்ன விலை சொன்னாலும் வாங்கிக்கறோம்னு கேக்கறாங்க."

துவான் ஹெங் திரும்பினான். சூய் அக்கா மூட்டையோடு வாசல்வரை போய்விட்டிருந்தாள்.

"அக்கா, நில்லு! அத இங்க குடு."

"உங்களுது இல்லன்னு எழுதிட்டீங்களே, வாத்தியாரே. உங்ககிட்ட எதுக்குக் குடுக்கணும்?"

"கோவத்துல எழுதிட்டேன் அக்கா! அது என் பூனைதான். அந்தக் காலத்துல நான் என் கையால வரைஞ்சது. எங்கம்மா மேல சத்தியம்!"

யூ நிங் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். ஆசியாவின் சீற்றம் ஒரு பூனைப் படத்துக்காக இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றது.

சூய் அக்கா மூட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பொய்ச் சத்தியம் பண்ணாத தம்பி, அந்தப் பூனைய போன வாரம் வரைஞ்சது நான்."