பதினெட்டுத் தலை

“தலையை எண்ணிட்டுத்தான் வண்டியை எடுக்கணும். போன மாசம் மாதிரி ஒருத்தரை ஆட்டுப் பண்ணையில மறந்துட்டு வந்தேன்னா, அடுத்து உன்னையே அங்க விட்டுடுவேன்!” என்றார் சுற்றுலா நிறுவன மேலாளர்.

வழிகாட்டி தலையாட்டினான்.

“இன்னொண்ணு. இன்னைக்கு வண்டியில நம்ம ஆள் ஒருத்தர் வர்றார். யாருன்னு சொல்ல மாட்டேன். சாயங்காலம் அவர் சொல்றதை வச்சுத்தான் உன் வேலை.”

அவ்வளவுதான். பதினெட்டுப் பேரில் யார் அந்த ஆள் என்று அவனுக்கு மண்டை குடைய ஆரம்பித்துவிட்டது.

பழத்தோட்டத்தில் வெயில் சுள்ளென்று அடித்தது. ஓர் அம்மாள் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். நைசாக எட்டிப் பார்த்தான். மளிகைச் சாமான் பட்டியல்!

அருவியில் இறங்கிக் கொஞ்ச நேரத்தில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. அங்கிருந்த கூட்டமெல்லாம் முண்டியடித்து ஓடி வண்டிகளில் ஏறியது. மழைக்கோட்டும் தொப்பியுமாக உட்கார்ந்திருந்தவர்களை இரண்டு முறை எண்ணினான். பதினெட்டு. வண்டி கிளம்பியது.

கடைசி இருக்கையில் ஒரு பெரியவர் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: “தம்பி, ஏரி எப்ப வரும்?”

“ஏரி நம்ம பட்டியல்லயே இல்லீங்க ஐயா.”

“அப்படியா? காலையில சொன்னாங்களே.” சுற்றுமுற்றும் பார்த்தார். “டிரைவர் மீசையை எப்ப எடுத்தார்?”

“அவருக்கு மீசையே கிடையாதுங்களே!”

“ஓகோ” என்று பெரியவர் யோசனையில் ஆழ்ந்தார்.

வழிகாட்டிக்குப் பொறி தட்டியது. தொழில் தெரிகிறதா, கூட வேலை செய்கிறவரைக் கவனித்திருக்கிறானா என்று ஆழம் பார்க்கிறார்! ஆள் சிக்கிவிட்டார்.

அப்புறம் பெரியவருக்கு ராஜ உபசாரம்தான். முன்னால் ஜன்னலோர இருக்கை அவருக்கு. கல்பாலத்தில் தூறியபோது இவன் நனைந்துகொண்டு அவருக்குக் குடை பிடித்தான். மலை முகட்டில் மூடுபனி எல்லாவற்றையும் மறைத்துவிட, தெரியாத பள்ளத்தாக்கை வாயாலேயே வரைந்து காட்டினான். சூடாகத் தேநீர் வாங்கித் தந்தான். மறுபடி வெயில் வந்ததும் தன் தொப்பியையே கழற்றிக் கொடுத்தான். இத்தனைக்கும் நடுவில் ஒவ்வொரு இடத்திலும் தலையை எண்ண மறக்கவில்லை.

“ஏதாவது குறை உண்டுங்களா ஐயா?”

“குறையா? இப்படி ஒரு கவனிப்பை நான் எதிர்பார்க்கவே இல்ல தம்பி.”

அவனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இனி வேலைக்குப் பயமில்லை.

மாலையில் அலுவலக வாசலில் மேலாளர் காத்திருந்தார். பயணிகள் இறங்கிக் கலைந்தார்கள்.

“பதினெட்டுப் பேரைக் கூட்டிட்டுப் போனேன், பதினெட்டுப் பேரையும் கொண்டு வந்து சேர்த்துட்டேன் சார்! நீங்க சொல்லலைன்னாலும் உங்க ஆளைக் கண்டுபிடிச்சிட்டேன்” என்று பெரியவரைக் கைத்தாங்கலாக இறக்கினான்.

மேலாளர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “இவர் யாருப்பா?”

பெரியவர் அசடு வழியச் சிரித்தார். “மன்னிச்சுக்குங்க. அருவியில மழைக்குப் பயந்து வண்டி மாறி ஏறிட்டேன். பாலத்துக்கிட்டயே தெரிஞ்சுபோச்சு. தம்பி கவனிச்ச கவனிப்புல இறங்க மனசு வரல.”

மேலாளர் காலி வண்டிக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்தார்.

“அப்ப என் மாமனார் எங்கடா?”

தூரத்தில், அருவிப் பக்கம், மறுபடியும் இடி இடித்தது.