தறி நின்ற பிறகும்

மதியம் மூன்றரை மணிக்குக் கரண்ட் போகிறது. நகரி ஊரில் நெசவாளர் தெருவின் விசைத்தறிகள் எல்லாம் ஒன்றாக நின்றுவிடுகின்றன. தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் சத்தத்தில் தூங்குவார்கள். சத்தம் நின்றால் விழித்துக்கொள்வார்கள். பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை அதற்குள் அழத் தொடங்கிவிட்டது. கூரைக் கண்ணாடி வழியாக இறங்கும் வெயிலில் நூல்பஞ்சு மிதந்து, தறிக்குப் பக்கத்தில் பாயில் படுத்திருக்கும் ரோஹிணியின் இமைமேல் மெதுவாக உட்காருகிறது. இமை அசையவில்லை. “இன்னாடி வரலட்சுமி, உம்பொண்ணு கும்பகர்ணனுக்குத் தங்கச்சியா?” ஜன்னலில் நின்று சிரிக்கிறாள் எதிர்வீட்டுச் சென்னம்மா. “பரீட்சைக்குப் படிச்சிக்கினு இருந்திச்சிக்கா. தூங்கட்டும்.” வரலட்சுமியும் சிரித்தபடி மகளுக்கு விசிறுகிறாள். விசிறி பட்டுத் தலையணையின் அடியிலிருந்து ஒரு மாத்திரை அட்டை நழுவுகிறது. புருஷன் தாமோதரனுக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த தூக்க மாத்திரை. அடிக்கடி குறைகிறது என்று அவர் கத்துவார். தூக்கக் கலக்கத்தில் அவரே விழுங்கியிருப்பார் என்று அவள் கேலி செய்வாள். இன்று அட்டையில் ஒன்றுகூட இல்லை. விசிறி கையிலேயே நிற்கிறது. மகளின் உதட்டில், வெகுதூரத்தில் யாரையோ பார்த்ததுபோல, லேசான சிரிப்பு. மார்பு மட்டும் மிக மெல்ல ஏறி இறங்குகிறது. கன்னத்தைத் தட்டித் தட்டி, குரலைத் தாழ்த்தி, வரலட்சுமி கேட்கிறாள்: “அம்மா திட்ட மாட்டேன், கண்ணு. எத்தினி துன்னே, சொல்லு.”